மன்னருக்கு எதற்கு வானொலி? உகாண்டாவில் கபாக்கா, அதிபர், அலைவரிசை

கேள்வி இதுதான்: உகாண்டாவுக்கு ஓர் அதிபர் இருக்கிறார். அப்படியென்றால் செய்திகளில் வரும் "கபாக்கா" என்ற மன்னர் யார்? 2009-ல் அவருடைய வானொலி நிலையத்தை அரசு ஏன் மூடியது? அதைத் திறக்க ஏன் 13 மாதம் ஆனது?

கபாக்காவுக்குச் சட்டப்படி எந்த ஆட்சி அதிகாரமும் கிடையாது. வரி போட முடியாது, போலீஸ் கிடையாது, யாரையும் தண்டிக்க முடியாது. அவர் சொல்வது மக்களிடம் போய்ச் சேர ஒரு வழி வேண்டும், அந்த வழி வானொலி. அதை அணைத்துவிட்டால் கோட்டை கொத்தளத்தைத் தொடாமலே மன்னரை ஊமையாக்கிவிடலாம். இது அரசுக்கும் தெரியும், அரண்மனைக்கும் தெரியும். இனி விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் பெயர்க் குழப்பம். தமிழில் "புகாண்டா" என்று அச்சாகியிருப்பதைப் பார்த்தால் "உகாண்டா"வின் எழுத்துப்பிழை என்றே தோன்றும். இரண்டும் வேறு. உகாண்டா என்பது நாடு. புகாண்டா என்பது அதற்குள், விக்டோரியா ஏரியின் வட, மேற்குக் கரையில் இருக்கும் பழைய ராஜ்ஜியம். தலைநகர் கம்பாலாவே அதற்குள்தான் வருகிறது. அந்த மொழியில் சொல்லின் முன்னொட்டு மாறினால் பொருள் மாறும்: புகாண்டா நாடு, பகாண்டா மக்கள், முகாண்டா அந்த மக்களில் ஒருவர், லுகாண்டா மொழி. பகாண்டாக்கள் உகாண்டாவின் மக்கள்தொகையில் சுமார் ஆறில் ஒரு பங்கு. மிகப் பெரிய இனம், ஆனாலும் பெரும்பான்மை இல்லை. உகாண்டா அரசியலின் பாதிச் சிக்கல் இந்தக் கணக்கிலிருந்தே கிளம்புகிறது.

மன்னர்கள் புகாண்டாவில் மட்டும் இல்லை. புன்யோரோவிலும் தோரோவிலும் மன்னரை ஒமுகாமா என்பார்கள். புசோகாவில் கியபசிங்கா. தோரோவின் ஓயோ 1995-ல் அரியணை ஏறியபோது அவருக்கு வயது 3. 1967-ல் ஒழிக்கப்பட்ட ராஜ்ஜியங்களில் அங்கோலேயை மட்டும் அரசு திரும்ப ஏற்கவில்லை. 1993-ல் அங்கே ஒருவருக்கு முடிசூட்டினார்கள், அரசு அது செல்லாது என்றது. அதிபர் முசெவேனி அந்தப் பகுதியைச் சேர்ந்தவர் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

இப்போதைய கபாக்கா இரண்டாம் முட்டேபி. பகாண்டாக்கள் வைத்திருக்கும் வரிசைப்படி 36-வது மன்னர். 1993 ஜூலை 31 அன்று புட்டோ குன்றில் முடிசூடினார். அவருடைய முதலமைச்சர் கத்திக்கிரோ, சபை லுக்கீக்கோ. ராஜ்ஜியத்தில் 18 மாவட்டங்கள் உண்டு, அவற்றை "சாசா" என்பார்கள். சபை கூடுவது மெங்கோ குன்றில் உள்ள புலாங்கே கட்டடத்தில். அங்கிருந்து அரண்மனைக்கு ஒரு நேர்ச்சாலை போகிறது. நடுவில் ஒரு ரவுண்டானா. அதன் குறுக்கே நேராக ஒரு பாதை வெட்டி, இரு முனையிலும் கேட் போட்டிருக்கிறார்கள். கபாக்காவின் கார் வந்தால் மட்டுமே அந்த கேட் திறக்கும், மன்னர் சுற்றிப் போகக் கூடாது என்பது வழக்கம். மற்ற எல்லோரும், அமைச்சரானாலும், சுற்றித்தான் போக வேண்டும்.

இவ்வளவு மரியாதை உள்ளவருக்கு அதிகாரம் எங்கே போயிற்று?

1900-ல் பிரிட்டனோடு போட்ட ஒப்பந்தத்திலிருந்து தொடங்க வேண்டும். மன்னர் டவுடி ச்வா அப்போது சின்னஞ்சிறு பிள்ளை, அவர் சார்பில் பிரதிநிதிகள் கையெழுத்திட்டார்கள். மன்னருக்கும் தலைவர்களுக்கும் நிலம் சதுர மைல் கணக்கில் பிரித்துத் தரப்பட்டது. அந்த நிலவுரிமைக்கு இன்றும் "மைலோ" என்றுதான் பெயர், மைல் என்ற சொல்லிலிருந்து வந்தது. நிலம் ஒருவர் பெயரில் இருக்கும், அதில் குடியிருந்து உழுபவர் வேறொருவராக இருப்பார். இந்த முடிச்சு அவிழாமல் இன்றுவரை வந்து, பின்னால் வானொலிச் சண்டைக்கும் காரணமாகிறது.

1962 அக்டோபர் 9 அன்று சுதந்திரம். பிரதமர் மில்டன் ஓபோட்டே. "கபாக்கா எக்கா" (மன்னர் மட்டுமே) என்ற புகாண்டாக் கட்சியோடு கூட்டணி வைத்துத்தான் அவர் ஆட்சிக்கு வந்தார். அடுத்த ஆண்டு கபாக்கா இரண்டாம் முட்டேசாவே நாட்டின் முதல் அதிபரானார். ஒரே ஆள், இரண்டு நாற்காலி. 1964-ல் இது வெடித்தது. புன்யோரோவிடமிருந்து முன்பு பிடுங்கி புகாண்டாவுக்குத் தரப்பட்ட இரண்டு மாவட்டங்களில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. மக்கள் புன்யோரோவுக்கே திரும்புகிறோம் என்று வாக்களித்தார்கள். நாட்டின் அதிபராக அதை ஏற்க வேண்டும், புகாண்டாவின் மன்னராக ஏற்க முடியாது. முட்டேசா கையெழுத்துப் போட மறுத்தார்.

1966 பிப்ரவரியில் ஓபோட்டே அரசியல் சட்டத்தை நிறுத்திவைத்தார். மே 24 அன்று இடி அமீன் தலைமையில் ராணுவம் மெங்கோ அரண்மனையைத் தாக்கியது. மன்னர் மதில் ஏறிக் குதித்துத் தப்பி, லண்டன் போய்ச் சேர்ந்து, 1969 நவம்பரில் அங்கேயே இறந்தார். 1967 அரசியல் சட்டம் எல்லா ராஜ்ஜியங்களையும் ஒழித்தது. புலாங்கே ராணுவத்தின் கைக்குப் போனது.

இந்த இடத்தில் வானொலி உள்ளே வருகிறது. அன்று நாட்டுக்கு ஒரே வானொலி, அரசின் ரேடியோ உகாண்டா. தொலைக்காட்சி 1963-ல் வந்தது, ஆனால் பெட்டி வைத்திருந்தவர்கள் நகரத்தில் சிலர்தான். கிராமத்துக்குப் போனது பேட்டரியில் ஓடும் வானொலி. எனவே ஆட்சியைப் பிடிப்பது என்றால் ஸ்டுடியோவைப் பிடிப்பதுதான். 1971 ஜனவரி 25 அன்று, ஓபோட்டே காமன்வெல்த் மாநாட்டுக்காக சிங்கப்பூர் போயிருந்த நேரத்தில், ஒரு ராணுவத்தான் ரேடியோ உகாண்டாவில் 18 காரணங்களை வரிசையாக வாசித்தார். அதிகாரம் அமீனுக்கு மாற்றப்படுகிறது என்பது முடிவு. 1979 ஏப்ரல் 11 அன்று கம்பாலா விழுந்து அமீன் ஆட்சி முடிந்தபோதும், 1985 ஜூலை 27 அன்று ஓபோட்டேயின் இரண்டாவது ஆட்சி கவிழ்ந்தபோதும் மக்கள் அதே வானொலியில்தான் தெரிந்துகொண்டார்கள். அமீன் காலத்தில் அமைச்சர்கள் தங்கள் பதவி போனதையே வானொலிச் செய்தி கேட்டு அறிந்த கதைகள் உண்டு. 1980 டிசம்பர் தேர்தலில் ராணுவ ஆணையத் தலைவர் பாவ்லோ முவாங்கா, முடிவுகளை அறிவிக்கும் உரிமை தனக்கு மட்டுமே என்று உத்தரவு போட்டார். வாக்கு எண்ணுவதைவிட அதை அறிவிக்கும் ஒலிவாங்கி யார் கையில் என்பது பெரிது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தேர்தலில் மோசடி என்று சொல்லித்தான் முசெவேனி 1981 பிப்ரவரியில் துப்பாக்கி தூக்கினார்.

அவருடைய போர்க்களம் லுவேரோ, அது புகாண்டாவுக்குள் இருக்கிறது. சோறு போட்டவர்களும் ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தவர்களும் பகாண்டா விவசாயிகள். 1985-ல் இளவரசர் முட்டேபி அந்தப் பகுதிக்கே வந்து போனார். 1986 ஜனவரியில் முசெவேனி அதிபரானார். ராஜ்ஜியத்தைத் திரும்ப ஏற்றது 1993-ல். இதை நன்றிக்கடன் என்பார் சிலர், 1994-ல் நடக்கவிருந்த அரசியல் நிர்ணய சபைத் தேர்தலுக்கான கணக்கு என்பார் சிலர். இரண்டும் இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. ஆனால் திரும்பி வந்தது பழைய ராஜ்ஜியம் அல்ல. 1995 அரசியல் சட்டத்தின் 246-வது பிரிவு மன்னர்களை "பாரம்பரிய அல்லது பண்பாட்டுத் தலைவர்கள்" என்கிறது. நிர்வாகம், சட்டம் இயற்றல், செயலாட்சி எதுவும் அவர்களுக்கு இல்லை. கட்சி அரசியலில் இறங்கக் கூடாது. அவர்களைப் பராமரிக்கப் பணம் கொடுக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தவும் முடியாது.

வரி இல்லாத மன்னர் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்பதற்கு ஊர் முழுக்க எட்டும் குரல் வேண்டும்.

1993 கடைசியில் தனியார் எஃப்.எம். நிலையங்களுக்கு அனுமதி கிடைத்தது. முதலில் வந்த சான்யு எஃப்.எம்.மும் அடுத்து வந்த கேபிட்டல் எஃப்.எம்.மும் கம்பாலா இளைஞர்களுக்கான ஆங்கிலப் பாட்டு நிலையங்கள். 1996 ஜூனில் புகாண்டா ராஜ்ஜியத்தின் நிலையம் தொடங்கியது: சென்ட்ரல் பிராட்காஸ்டிங் சர்வீஸ், சுருக்கமாக சி.பி.எஸ். அமெரிக்க நிறுவனத்தோடு இதற்குச் சம்பந்தம் இல்லை. 88.8, 89.2 என்று இரண்டு அலைவரிசைகள், மொழி லுகாண்டா. சந்தையில் மீன் விற்பவர் முதல் போடா-போடா எனும் பைக் டாக்சி ஓட்டுபவர் வரை கேட்கிற நிலையமாக அது ஆனது.

அதில் என்ன வரும் என்று பார்த்தால் அதன் பலம் புரியும். கத்திக்கிரோவின் அறிவிப்பு, லுக்கீக்கோவின் தீர்மானம், மன்னர் எந்த சாசாவுக்கு எப்போது வருகிறார் என்ற விவரம், சாசாக்களுக்கு இடையே நடக்கும் கால்பந்துக் கோப்பை. காசு கட்டிப் போடும் சாவு அறிவிப்புகளும் உண்டு: இறந்தவர் பெயர், குலம், அடக்கம் எந்த ஊரில், எப்போது. பகாண்டாக்களுக்குச் சொந்த ஊரில் அடக்கம் செய்வது முக்கியம், நகரத்தில் சிதறிக் கிடக்கும் உறவுகளுக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும். குலங்கள் 50-க்கு மேல், சிங்கம், குரங்கு, நுரையீரல் மீன், வெட்டுக்கிளி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம். மன்னர் மரபாகத் தாயின் குலத்தைச் சேர்ந்தவராகக் கருதப்படுவார். அதனால் எந்தக் குலமும் தன்னை மன்னரின் உறவு என்று சொல்லிக்கொள்ள இடம் உண்டு. ஒரே அறிவிப்பாளர் இவர்கள் எல்லோருக்கும் சேர்த்துப் பேச முடிவது இதனால்தான்.

2000-க்குப் பிறகு வந்த இன்னொரு வடிவம் "எகிமேசா", பன்மையில் "பிமேசா". பெரிய மேசை என்று பொருள். (ஸ்வாஹிலியின் "மேசா", லுகாண்டாவின் "எம்மேசா", நம் "மேசை" எல்லாமே போர்ச்சுகீசியர் விட்டுப் போன ஒரே சொல்தான்.) மதுக்கூடத்திலோ திறந்தவெளியிலோ வாரம் ஒரு நாள் கூட்டம் கூடும். யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம், அது நேரலையில் போகும். ரேடியோ ஒன் தொடங்கியது, சி.பி.எஸ். உட்படப் பல நிலையங்கள் பிடித்துக்கொண்டன. அரசுக்கு இதில் தலைவலி எங்கே என்றால், ஸ்டுடியோவில் தொகுப்பாளர் பொத்தானை அழுத்தி ஒருவரை நிறுத்தலாம். கூட்டத்தின் நடுவே மைக்கைப் பிடித்திருப்பவரை நிறுத்த முடியாது. சாதாரண ஸ்டுடியோ நேரலையில் சில நொடி தாமதக் கருவி வைக்கலாம், பிமேசாவில் கூட்டத்தின் கைதட்டலே செய்தியாகிவிடும்.

2007-லிருந்து சூடு ஏறியது. நிலச் சட்டத் திருத்த மசோதா வந்தது. மைலோ நிலத்தில் குடியிருப்பவரை உரிமையாளர் எளிதில் வெளியேற்ற முடியாதபடி செய்வது நோக்கம் என்றது அரசு. எங்கள் நிலத்தைப் பறிக்கும் வழி என்றது மெங்கோ, அதாவது புகாண்டா ராஜ்ஜியத் தரப்பு. உழுபவர் பக்கம் நியாயம் இருந்தது என்பதை மறுக்க முடியாது, ஆனால் சி.பி.எஸ். கேட்டவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது மெங்கோவின் வாதம்தான். 2008 ஜூலையில் மசோதாவை எதிர்த்துப் பேசிவந்த மூவரை அரசு கைது செய்தது. அவர்களில் ஒருவர் சார்ல்ஸ் பீட்டர் மயிகா. இவரே 2013-ல் கத்திக்கிரோ ஆனார்.

2009 செப்டம்பர் 12 அன்று கயுங்காவில் இளைஞர் நாள் விழாவுக்கு கபாக்கா போவதாக இருந்தது. கயுங்கா புகாண்டாவின் புகெரெரே மாவட்டத்தில், கம்பாலாவுக்கு வடகிழக்கே இருக்கிறது. அங்குள்ள பன்யாலா என்ற சிறு சமூகத்தின் தலைவர், நாங்கள் புகாண்டாவிலிருந்து பிரிந்துவிட்டோம், எங்கள் அனுமதி இல்லாமல் மன்னர் வரக் கூடாது என்றார். அரசு பாதுகாப்பைக் காரணம் காட்டியது. செப்டம்பர் 10 அன்று முன்னேற்பாட்டுக்குப் போன கத்திக்கிரோவின் குழுவை போலீஸ் வழியிலேயே தடுத்தது. தகவல் வானொலியில் வந்த சில மணி நேரத்தில் கம்பாலாவில் டயர் எரிந்தது. அடுத்த நாட்களில் இறந்தவர்கள் அரசுக் கணக்கில் 27 பேர். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் குறைந்தது 40 என்றது, பெரும்பாலும் துப்பாக்கிச் சூட்டில்.

அந்தக் கலவரத்தின்போதே அரசின் ஒலிபரப்பு மன்றம் சி.பி.எஸ்., ரேடியோ சூபி, ரேடியோ டூ, கத்தோலிக்க நிலையமான சாபியென்ஷியா ஆகிய நான்கையும் மூடியது. பிமேசாவையும் தடை செய்தது. மற்ற மூன்றும் முன்னதாகவே திரும்பின. சி.பி.எஸ். திரும்பியது 2010 அக்டோபர் 23 அன்று. அதற்குள் மன்னர்களின் கல்லறையான கசுபி 2010 மார்ச் 16 அன்று தீயில் எரிந்தது. அந்த நாளிலும் மன்னரின் வானொலி மௌனமாகத்தான் இருந்தது. மூடியதற்கு நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் கிடையாது, திறந்ததற்கும் கிடையாது. திறந்து நான்கு மாதத்தில், 2011 பிப்ரவரியில், அதிபர் தேர்தல் வந்தது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

ஒரு நிலையத்தை இவ்வளவு சுலபமாக எப்படி மூட முடிகிறது? இதற்குத் தொழில்நுட்பமும் சட்டமும் சேர்ந்த பதில் இருக்கிறது.

எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். ஆன்டெனா எவ்வளவு உயரம் என்பதே எவ்வளவு தூரம் எட்டும் என்பதைத் தீர்மானிக்கும். தோராயக் கணக்கு: உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் கிடைக்கும். 100 மீட்டருக்கு 41 கி.மீ., 200 மீட்டருக்கு 58 கி.மீ. அதனால் கம்பாலாவில் எல்லா நிலையமும் குன்றைத் தேடும், கொலோலோ உச்சியில் கோபுரங்கள் நெருக்கியடித்து நிற்பது இதனால்தான். ஸ்டுடியோ மெங்கோவில் இருக்கலாம், டிரான்ஸ்மிட்டர் குன்றின் மேல்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு இணைப்பு. ஸ்டுடியோவுக்குள் யாரையும் தொட வேண்டாம், குன்றில் மின்சாரத்தை நிறுத்தினால் போதும். அறிவிப்பாளர் பேசிக்கொண்டே இருப்பார், வீட்டில் இரைச்சல்தான் கேட்கும்.

மேலும், மசாகா போன்ற ஊர் கம்பாலாவிலிருந்து சுமார் 130 கி.மீ. தள்ளி இருக்கிறது. நேரடியாக எட்டாது, அங்கே மறுஒலிபரப்பு டிரான்ஸ்மிட்டர் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனி அலைவரிசை, தனி அனுமதி. ராஜ்ஜியம் முழுக்கக் கேட்க வேண்டும் என்று ஆசைப்படும் நிலையம் அத்தனை இடத்தில் அரசின் கையை எதிர்பார்த்து நிற்கிறது.

சட்டத்தில் "குறைந்தபட்ச ஒலிபரப்புத் தரங்கள்" என்று ஒரு அட்டவணை உண்டு. பொதுப் பாதுகாப்புக்குக் கேடு, வன்முறை உண்டாக்கக்கூடிய எதையும் ஒலிபரப்பக் கூடாது என்பது அதில் ஒரு வரி. உண்டாக்கியது என்று நிரூபிக்க வேண்டியதில்லை, உண்டாக்கக்கூடும் என்று அதிகாரி நினைத்தால் போதும். குற்றம் சாட்டுபவரும் தீர்ப்பளிப்பவரும் ஒரே அமைப்பு. 2005 ஆகஸ்டில் கே.எஃப்.எம். நிலையம் ஒரு வாரம் மூடப்பட்டது இப்படித்தான். 2013-ல் ஒலிபரப்பு மன்றத்தின் வேலை உகாண்டா தகவல்தொடர்பு ஆணையத்திடம் போனது. பெயர் மாறியது, வழக்கம் மாறவில்லை. 2019-ல் இதே ஆணையம் எதிர்க்கட்சி அரசியல்வாதி பாபி வைன் தொடர்பான ஒளிபரப்புக்காக 13 நிலையங்களின் செய்திப் பொறுப்பாளர்களை இடைநீக்கம் செய்யச் சொன்னது.

அரசுத் தரப்பு எப்போதும் நீட்டும் உதாரணம் பக்கத்து நாடான ருவாண்டா. 1994-ல் ஆர்.டி.எல்.எம். வானொலி துட்சி இன மக்களைக் கொல்லத் தூண்டியது, அதன் பொறுப்பாளர்களை ஐ.நா. தீர்ப்பாயம் தண்டித்தது. அந்த அச்சம் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது ஆட்சியாளர்களுக்கு நெருக்கமானவர்கள் நடத்திய நிலையம், அரசு நினைத்திருந்தால் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. சி.பி.எஸ்.ஸில் யாராவது சட்டம் மீறிப் பேசியிருந்தால் அந்தப் பேச்சை நீதிமன்றத்தில் போட்டுக் காட்டலாம். அதற்கு 13 மாதம் மொத்த நிலையத்தையும் அணைத்து வைக்க வேண்டியதில்லை.

சி.பி.எஸ். திரும்பிய பிறகு என்ன ஆயிற்று? 2013-ல் அதிபரும் கபாக்காவும் ஒப்பந்தம் போட்டு, ராஜ்ஜியத்தின் சொத்துகள் சில திரும்பக் கிடைத்தன. புதிய கத்திக்கிரோ மயிகா "எத்தோஃபாலி" (செங்கல்) என்ற நிதி திரட்டலைத் தொடங்கி, மாவட்டம் மாவட்டமாகப் போய் மக்களிடம் கையேந்தினார். கசுபியைத் திரும்பக் கட்டவும் மெங்கோவில் பாதியில் நின்ற கட்டடத்தை முடிக்கவும் பணம் சேர்ந்தது. வரி வாங்க முடியாதவர்கள் நன்கொடையாக வாங்கினார்கள், ஊருக்கு ஊர் அதைக் கொண்டு சேர்த்ததில் வானொலிக்குப் பெரிய பங்கு. பின்னர் ராஜ்ஜியத்துக்கு பி.பி.எஸ். என்ற தொலைக்காட்சியும் வந்தது.

மன்னர்கள் விஷயத்தில் அரசு எப்போதும் வானொலியோடு நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2016 நவம்பரில் மேற்கே கசேசேயில் ர்வென்சுருரு மன்னரின் அரண்மனையை ராணுவம் தாக்கியதில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மன்னர் மும்பேரே கைதானார், 2023-ல்தான் வழக்கு கைவிடப்பட்டது.

கடைசியாக, இந்தக் கேள்வியோடு வழக்கமாக ஒட்டிக்கொண்டு வரும் இன்னொன்று: கபாக்கா தேர்தலில் நிற்கலாமா? 246-வது பிரிவு சொல்வது, பாரம்பரியத் தலைவராக இருக்கும்வரை கட்சி அரசியல் கூடாது என்பதே. அதாவது நிற்கலாம், முதலில் அரியணையிலிருந்து இறங்க வேண்டும். பகாண்டாக்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.